காலப் பந்தயமும் கடன் வாங்கும் வண்டியும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

மிதிவண்டிப் பந்தயத்தில் பல வகை உண்டு. எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து ஒன்றாகக் கிளம்ப, முதலில் எல்லையைத் தொட்டவன் வென்றான் என்பது நாம் நன்கறிந்த வகை. மற்றொரு வகையில் வீரர்களை ஒருவர்பின் ஒருவராக, இடைவெளி விட்டு அனுப்புவார்கள். இங்கே முன்னால் செல்பவனின் முதுகுக்குப் பின்னே ஒளிந்து காற்றிலிருந்து தப்ப முடியாது. துணைக்கு ஆளில்லை, கடிகாரம் ஒன்றே எதிரி. ஆங்கிலத்தில் இதை ‘டைம் டிரையல்’ என்கிறார்கள். நாம் காலப் பந்தயம் என்போம். ‘உண்மையின் பந்தயம்’ என்றொரு பட்டப் பெயரும் இதற்கு மேலைநாடுகளில் வழங்குகிறது.

இந்தப் பந்தயத்துக்கென்றே தனியாக வண்டி செய்கிறார்கள். முன்கை இரண்டையும் நீட்டி வைத்துக்கொள்ள நீண்ட கைப்பிடி, கம்பிகள் தெரியாமல் தட்டுப்போல மூடிய பின்சக்கரம், காற்றைக் கிழிக்கும் வடிவில் ஃபிரேம், பின்புறம் வால்போல் நீண்ட தலைக்கவசம், உடம்போடு ஒட்டிய உடை என்று அதன் அங்கங்கள் பல. விலையோ லட்சக்கணக்கில் போகிறது. முதன்முதலாகக் களத்தில் இறங்க விரும்பும் ஒரு கல்லூரி மாணவனுக்கு இவையெல்லாம் வேண்டுமா என்பதே இக்கட்டுரையில் நான் எடுத்துக்கொண்ட கேள்வி. வேண்டா என்பது என் கருத்து. ஏன் என்பதைக் கூறுகிறேன்.

இக்கேள்வி இங்கே எதற்கு?

‘அரசு கலைக் கல்லூரி ஆண்டு மலரில் லட்ச ரூபாய் வண்டியைப் பற்றிப் பேச்சு எதற்கு?’ என்று நண்பர்கள் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. கல்லூரிகளுக்கிடையே நடக்கும் மிதிவண்டிப் போட்டிக்கென்று இவ்வாண்டு எங்கள் வகுப்பிலிருந்தும் விடுதியிலிருந்தும் ஐந்து பேர் காலையில் புறவழிச்சாலையில் பயிற்சி தொடங்கினோம். இன்று மிஞ்சியிருப்பவர்கள் இருவர். மற்ற மூவருக்கும் காலில் வலுவில்லாமல் போகவில்லை, படிப்பும் தடுக்கவில்லை. ‘அந்த வண்டி இல்லாமல் போனால் சிரிப்பார்கள்’ என்று ஒரு கடைக்காரர் சொன்ன ஒரே சொல் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அவர்களில் ஒருவனுடைய தாயார், மகன் ஆசைப்படுகிறானே என்று காதுத் தோட்டை அடகு வைக்கக்கூடத் துணிந்தார். அவன் நல்ல பிள்ளை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு விளையாட்டையே விட்டுவிட்டான். தோடு தப்பியது, ஒரு நல்ல ஓட்டுநரை இழந்தோம்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நானே முதல்வன். என் தந்தையார் சைக்கிளின் இருபுறமும் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு நாள்தோறும் 14 கிலோமீட்டர் மிதிப்பவர். எங்களைப் போன்ற வீடுகளில் சைக்கிள் என்பது பிழைப்புக் கருவி. அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டியில் ஏறித்தான் நம்மில் பெரும்பாலோர் மேல்நிலைப் பள்ளிக்குப் போனோம். இப்படி மிதித்து மிதித்தே வளர்ந்த கால்கள் உள்ள கூட்டத்தில், ‘உனக்குத் தகுந்த வண்டி இல்லை’ என்று சொல்லி ஆளை விலக்குவது எவ்வளவு பெரிய இழப்பு! ஆகையால் இதை ஒரு பணக்கார விளையாட்டின் பேச்சென்று ஒதுக்காமல், கணக்குப் போட்டுப் பார்ப்பது நம் கடமை.

எதிர்த்தரப்பின் வாதம்

முதலில் எதிர்த்தரப்புக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிடுவோம். கருவி வேகத்தைக் கூட்டும் என்பதை மறுப்பதற்கில்லை.

இங்கிலாந்து வீரர் கிறிஸ் போர்டுமேன், ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் செல்லலாம் என்ற புகழ்பெற்ற சாதனை முயற்சியில் 1996ஆம் ஆண்டு 56.375 கிலோமீட்டர் சென்றார். அவருடைய கைகள் முன்னால் முழுதும் நீண்டிருந்தன. வண்டியும் அதற்கென்றே செய்தது. பின்னர் உலக மிதிவண்டிக் கூட்டமைப்பு, பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் 1972இல் மெக்சிகோ நகரில் ஓட்டியது போன்ற பழைய அமைப்புள்ள வண்டியில்தான் முயல வேண்டும் என்று விதி வகுத்தது. அதே போர்டுமேன் 2000ஆம் ஆண்டில் அவ்வகை வண்டியில் ஏறினார். சென்ற தூரம் 49.441 கிலோமீட்டர், மெர்க்ஸின் 49.431ஐ விடப் பத்தே மீட்டர் கூடுதல். நான்கு வயது கூடியிருந்தது உண்மைதான். ஆயினும் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் வேறுபாட்டில் பெரும்பகுதி வண்டியும் அதில் அமர்ந்த விதமும் தந்தவை என்பதில் ஐயமில்லை.

எல்லோரும் காட்டும் மற்றோர் எடுத்துக்காட்டு 1989ஆம் ஆண்டின் ‘டூர் தெ பிரான்ஸ்’. கடைசி நாள் வெர்சேயிலிருந்து பாரிசுக்கு 24.5 கிலோமீட்டர் காலப் பந்தயம். பிரெஞ்சு வீரர் லோரான் ஃபின்யோன் 50 நொடிகள் முன்னணியில் இருந்தார். அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் முன்கைகளை நீட்டி வைக்கும் புதுவகைக் கைப்பிடியோடும் தலைக்கவசத்தோடும் வந்தார். ஃபின்யோன் வெறுந்தலையராய், குடுமி பறக்க ஓட்டினார். மூன்று வாரங்களுக்கு மேல் நடந்த அந்தப் பெரும் பந்தயத்தை லெமாண்ட் 8 நொடியில் வென்றார். ‘பார்த்தீர்களா, கைப்பிடியின் மகிமையை!’ என்கிறார்கள்.

ஆனால் இக்கதையை முழுதும் பார்க்க வேண்டும். அன்று ஃபின்யோனின் வண்டியில் முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டுமே விலையுயர்ந்த தட்டுச் சக்கரங்கள். லெமாண்டின் முன்சக்கரமோ கம்பி வைத்தது. விலையைக் கொண்டு பார்த்தால் வென்றிருக்க வேண்டியவர் ஃபின்யோன் அல்லவா? வளைந்த குழாய் ஒன்றும், அது தந்த உடல் நிலையும் தட்டுச் சக்கரங்களைத் தோற்கடித்தன. மேலும், லெமாண்ட் 1986லேயே அதே பந்தயத்தை வென்றவர். உச்சியில் நிற்கும் இருவருக்கிடையே 8 நொடி என்பது மகுடம். நேற்றுப் பயிற்சி தொடங்கிய நமக்கு 8 நொடி என்பது கிளம்பும்போது பெடலில் கால் தவறும் நேரம்.

கணக்கு என்ன சொல்கிறது?

இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒரு சிறு கணக்கை முன்வைக்கிறேன். சமதளத்தில் சைக்கிள் ஓட்டுபவன் முக்கியமாக இரண்டு தடைகளை வெல்கிறான். ஒன்று டயர் தரையில் உருளுவதால் வரும் தடை. மற்றொன்று காற்றுத் தடை. காற்றுத் தடை விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. அதை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. இந்தக் காற்றுத் தடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஓட்டுபவனின் உடம்பினால் வருவது. வண்டியினால் வருவது மீதிக் கால் பங்குதான். இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

ஆள் 60 கிலோ, சாதாரண சைக்கிள் 20 கிலோ, அவன் தொடர்ந்து தரக்கூடிய திறன் 150 வாட், தூரம் 20 கிலோமீட்டர், காற்றில்லாத சமதளச் சாலை என்று வைத்துக்கொள்வோம். காற்றை எதிர்க்கும் பரப்பின் அளவு, நிமிர்ந்து உட்கார்ந்தால் 0.45 சதுர மீட்டர். முழங்கையை மடக்கி முதுகைத் தாழ்த்தினால் 0.35, சாதாரணக் கைப்பிடியின் மேல் பொருத்தும் நீட்டுக் கைப்பிடி மட்டும் இருந்தால் 0.30, முழுக் காலப் பந்தய வண்டியும் உடையும் கவசமும் இருந்தால் 0.25 என்று கொள்கிறேன். ஒப்பீடு எளிதாக இருக்க உருளல் தடையை எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டேன்.

நிமிர்ந்து ஓட்டினால் 20 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 43 நிமிடம் 45 நொடி ஆகிறது. அதே வண்டியில் முதுகைத் தாழ்த்தினால் 40 நிமிடம் 35 நொடி. நீட்டுக் கைப்பிடி சேர்த்தால் 38 நிமிடம் 45 நொடி. எல்லாக் கருவிகளும் சேர்ந்தால் 36 நிமிடம் 45 நொடி.

இக்கணக்கு எதிர்த்தரப்புக்கும் சாதகமாகவே இருக்கிறது என்பதை நான் மறைக்கவில்லை. கருவியினால் நிமிடக் கணக்கில் இலாபம் உண்டு. ஆனால் எந்த இலாபத்துக்கு என்ன விலை என்று பாருங்கள். முதல் மூன்று நிமிடத்துக்கு மேல் கிடைத்தது ஒரு காசுச் செலவில்லாமல், முதுகைத் தாழ்த்தியதால்! அடுத்த இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவானது சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது. கடைசி இரண்டு நிமிடத்துக்குத்தான் லட்சங்கள் வேண்டும்.

இப்போது இன்னொரு கணக்கு. நம் மாணவன் எந்தக் கருவியும் வாங்காமல், முதுகைத் தாழ்த்தி அதே சாதாரண வண்டியில் பயிற்சி செய்கிறான். அவனுடைய திறன் 150 வாட்டிலிருந்து 200 வாட்டாக உயர்கிறது. தொடக்க நிலையில் உள்ள இளைஞன் ஒருவன் முறையான பயிற்சியால் எட்டக்கூடிய உயர்வுதான் இது. அவனுக்கு ஆகும் நேரம் 36 நிமிடம் 15 நொடி. அதாவது, பயிற்சியில்லாமல் லட்ச ரூபாய் வண்டியில் வருபவனை, பயிற்சி செய்தவன் பழைய சைக்கிளில் அரை நிமிடம் முந்திவிடுகிறான்.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘வண்டி இலேசாக இருந்தால் பறக்கலாம்’ என்பது நம்மவர்களிடம் ஊறிய எண்ணம். மேட்டில் ஏறும்போது எடை முக்கியந்தான். சமதளத்திலோ 20 கிலோ வண்டிக்குப் பதில் 9 கிலோ வண்டியில், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் மிச்சமாவது ஏறத்தாழ 5 வாட். அதே வேகத்தில் முழங்கையை மடக்கித் தாழ்ந்தால் மிச்சமாவது ஏறத்தாழ 33 வாட். டயரில் காற்றுக் குறைந்து உருளல் தடை ஒன்றரை மடங்கானால் நட்டம் ஏறத்தாழ 20 வாட். ஆகவே பதினொரு கிலோ எடையைக் குறைக்க ஆயிரக்கணக்கில் செலவிடுவதைவிட, பந்தயத்தன்று காலையில் பம்பு எடுத்துக் காற்றடிப்பது நான்கு மடங்கு பயன் தரும்.

வண்டியில் ஏறினால் போதுமா?

பணம் இருக்கிறவன் வாங்கிக்கொள்ளட்டுமே, அதனால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். தொடக்கக்காரனுக்கு அதிலும் தொல்லை உண்டு.

முன்கையை நீட்டி வைக்கும் நிலையில் விரல்கள் பிரேக்கை விட்டு விலகியிருக்கின்றன. நம் சாலைகளை எண்ணிப் பாருங்கள்: வண்ணம் அழிந்த வேகத்தடை, திடீரென்று குறுக்கே வரும் ஆடு, சாலையிலேயே காயப்போட்ட நெல், ஹாரனை அழுத்திக்கொண்டே உரசிச் செல்லும் பேருந்து. ஒரு கையை எடுத்துவிட்டு நேராக ஓட்டவே பழகாதவன் இத்தகைய சாலையில் அந்தக் கைப்பிடியில் படுப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

அடுத்து, அந்த நிலையில் இடுப்பு மடங்கி வயிறு ஒடுங்குகிறது. பழக்கமில்லாதவன் அதில் தன் வழக்கமான திறனைக் காட்ட முடியாது. கழுத்தும் முதுகும் வலித்து அடிக்கடி நிமிர்வான். நிமிர்ந்த நொடியிலேயே லட்ச ரூபாய் வீண்.

மூன்றாவது, எல்லோரும் ஒன்றாகக் கிளம்பும் பந்தயங்களில் இந்த நீட்டுக் கைப்பிடிக்கு உலகக் கூட்டமைப்பின் விதிகளே தடை விதிக்கின்றன. கூட்டத்தில் ஒருவன் விழுந்தால் பத்துப் பேர் விழுவார்கள் என்பதே காரணம். ஆக, வீட்டை அடகு வைத்து வாங்கினாலும் அந்த வண்டி ஒரே ஒரு வகைப் பந்தயத்துக்குத்தான் உதவும். எந்த வகையில் தனக்குத் திறமை என்றே தெரியாதவன் முதலிலேயே அதை வாங்குவது, குழந்தை பிறக்கும் முன்பே பள்ளிக்கூடச் சீருடை தைப்பது போன்றதாகும்.

ஸ்காட்லாந்தின் கிரேம் ஓப்ரீ என்ற வீரரை இங்கே நினைவுகூர விரும்புகிறேன். அவர் 1993ஆம் ஆண்டு நார்வேயில் ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோமீட்டர் சென்று உலக சாதனை படைத்தார். ஓட்டிய வண்டி அவரே தம் கையால் செய்தது. துணி துவைக்கும் எந்திரத்திலிருந்து எடுத்த பேரிங்கையும் அதில் பயன்படுத்தினார். கைகளை மார்புக்கடியில் மடக்கி, உடம்பைக் குறுக்கி அமரும் முறை அவர் சிந்தனையில் பிறந்தது. ஒன்பது ஆண்டுகள் நிலைத்திருந்த இத்தாலியர் மோசரின் சாதனை இப்படித்தான் வீழ்ந்தது. பணத்தைவிட முன்னே நிற்பது எது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அப்படியானால் எவைதாம் வேண்டும்?

தொடக்கக்காரனுக்கு வேண்டியவற்றை நான் கண்டறிந்த வரையில் கூறுகிறேன். சீட்டின் உயரம் சரியாக இருக்க வேண்டும். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் சிறிதே மடங்கியிருப்பது நல்ல அளவு. வீல் கோட்டம் எடுத்திருக்க வேண்டும். செயினுக்கு எண்ணெய், டயருக்குக் காற்று, தேயாத பிரேக் கட்டை ஆகியவை இன்றியமையாதவை. கேரியரையும் ஸ்டாண்டையும் கழற்றி வைக்கலாம். காற்றில் படபடக்கும் தொளதொளச் சட்டைக்குப் பதில் உடம்போடு ஒட்டிய பனியன் போதும். தலைக்கவசத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. அது நேரத்துக்காக அன்று, தலைக்காக.

எல்லாவற்றுக்கும் மேலாகச் சீராக ஓட்டும் பழக்கம் வேண்டும். நம்மில் பலர் கொடி அசைந்ததும் வெறிகொண்டு மிதித்து, பாதி வழியில் மூச்சு வாங்குகிறோம். மும்மடிக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 30 கிலோமீட்டரில் போக வேண்டியவன் 33இல் போனால் வேகம் பத்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. காற்றுக்குக் கட்டும் கப்பமோ மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. சீரான வேகத்தில் செல்பவனே தன் வலிமையை முழுதும் தூரமாக மாற்றுகிறான். இதைக் கற்றுத்தரும் கருவி எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. வாரந்தோறும் ஒரே சாலையில், ஒரே தூரத்தை ஓட்டி, நேரத்தைக் குறித்து வைக்கும் ஒரு நோட்டுப் புத்தகமே அதற்குப் போதும்.

செய்யத் தக்கவை

பேரறிஞர் அண்ணா பிறந்த நாளையொட்டி மாவட்டந்தோறும் பள்ளி மாணவர்க்கு நடத்தப்படும் மிதிவண்டிப் போட்டிகளை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். இந்தியாவில் தயாரான, சாதாரணக் கைப்பிடி கொண்ட வண்டியில்தான் கலந்துகொள்ள வேண்டும் என்பது அதன் விதி. அவை காலப் பந்தயங்கள் அல்ல. எனினும் அந்த ஒற்றை விதியில் எத்தனை நியாயம் அடங்கியிருக்கிறது! மளிகைக்கடைக்காரர் மகனும் மாவட்ட அதிகாரி மகனும் ஒரே மாதிரி வண்டியில் நிற்கிறார்கள், வெல்வது கால். ஜப்பானில் 1948இல் தொடங்கிய ‘கெய்ரின்’ என்னும் தொழில்முறைப் பந்தயத்திலும், அங்கீகாரம் பெற்ற பாகங்கள் கொண்ட இரும்பு வண்டிகளையே வீரர்கள் ஓட்டி வருகிறார்கள். கருவியைச் சமமாக்கிவிட்டால் மனிதனை அளக்கலாம் என்பது இரண்டுக்கும் பொதுவான தத்துவம்.

எனவே நம் கல்லூரிக்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். ஒன்று, ஆண்டு விளையாட்டு விழாவில் சாதாரண சைக்கிளுக்கென்றே ஒரு காலப் பந்தயம் வைக்க வேண்டும். 10 கிலோமீட்டர் போதும். மாணவியர்க்கும் தனிப் பிரிவு வேண்டும். இரண்டு, கழற்றி மாட்டக்கூடிய நீட்டுக் கைப்பிடி இரண்டு மூன்றை உடற்கல்வித் துறையே வாங்கி வைத்துக்கொண்டு, கூட்டமில்லாத மைதானத்தில் முதலில் பழக்கி, தேர்வு பெற்றவர்களுக்குப் போட்டியின்போது கொடுத்து வாங்கலாம். நூலகத்தில் புத்தகம் எடுப்பது போலத்தான் இதுவும். மூன்று, இங்கிருந்து ஒருவன் மாநில அளவுக்கு உயர்ந்தால் அப்போது உண்மையிலேயே சிறந்த வண்டி அவனுக்குத் தேவைப்படும். அதை அவனுடைய தந்தையின் கடன் வாங்கித் தரக்கூடாது. நிறுவனம் வாங்கித் தர வேண்டும். அந்நிலையில் ஒரு நொடியும் விலைமதிப்புள்ளது என்பதை நான் முன்பே ஒப்புக்கொண்டேன்.

நண்பர்களே, ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது பழமொழி. ஆடத் தெரிந்தவளிடமும் ‘கூடம் கோணல், நீ ஆடாதே’ என்று சொல்கிற காலமாக இது மாறிவிடக்கூடாது. விலகிப்போன மூவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். காலை 5.30 மணிக்குப் புறவழிச்சாலைப் பாலத்தருகே இருவர் நிற்கிறோம். உங்கள் பழைய வண்டியையே கொண்டு வாருங்கள். வரும்போது டயரில் காற்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.